பயனா, பகட்டா?



பெருநாள் மாலைகளில் நம் ஊர்க் கடற்கரை வீதிகளில் பின்பக்கம் சிறகு வைத்த கார்களைக் கண்டிருப்பீர்கள். "ஸ்பொய்லர்" என்பது அதன் பெயர். அதைத் தன் காருக்கும் பூட்ட வேண்டும் என்று மகன் உம்மாவிடம் காசு கேட்கிறான். "இது இருந்தால் கார் தூக்காது உம்மா, ரோட்டைப் பிடித்துக்கொண்டு ஓடும். பாதுகாப்பு" என்கிறான். வெளிநாட்டில் வெயிலில் நின்று வாப்பா உழைத்து அனுப்பிய காசு அது. மகன் சொல்வது உண்மையா என்று உம்மாவுக்குத் தெரியாது. பாதுகாப்பு என்ற சொல்லைக் கேட்டதும் மனம் இளகிவிடுகிறது.

மகன் சொல்வது முழுப் பொய்யல்ல. முதலில் அதில் உள்ள உண்மையைப் பார்ப்போம்.

1978 நவம்பர் 23இல் நம் கரையைத் தாக்கிய சூறாவளியை மூத்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். எத்தனை வீடுகளின் கூரைத் தகடுகள் பறந்தன! கூரைக்கு மேலே காற்று கடும் வேகத்தில் பாயும்போது அங்கே அழுத்தம் குறைகிறது. உள்ளே இருக்கும் காற்று கூரையை மேலே தள்ளுகிறது. வளைந்த முதுகுள்ள காருக்கும் இதுவே நடக்கிறது. மிக வேகமாக ஓடும்போது அதன் பின்பகுதி இலேசாகி, சில்லுகளுக்குத் தரையில் உள்ள பிடி தளர்கிறது. இதைத் தடுக்கத்தான் ஸ்பொய்லர் வந்தது. பந்தயக் காரில் இருப்பது விமானச் சிறகைத் தலைகீழாகப் பூட்டியது போன்றது. விமானத்தின் சிறகு மேலே தூக்குகிறது. இது கீழே அழுத்துகிறது. 2005இல் இந்தியாவின் முதல் ஃபோர்முலா வண் ஓட்டுனராகக் களமிறங்கிய கோயம்புத்தூர் நரேன் கார்த்திகேயன் ஓட்டியதும் இத்தகைய சிறகுகள் கொண்ட கார்தான்.

சாதாரண வீதிக்கு வந்த காரிலும் இதற்குச் சான்று உண்டு. ஜேர்மனியின் ஓடி கம்பனி 1998இல் டி.டி. என்ற அழகிய காரை வெளியிட்டது. அதன் முதுகு வழவழவென்று சிறகில்லாமல் இருந்தது. மணிக்கு 180 கிலோமீற்றருக்கும் மேலான வேகத்தில் சட்டென்று திருப்பியபோது சில கார்கள் கட்டுப்பாட்டை இழந்தன, உயிர்களும் போயின. கம்பனி அந்தக் கார்களைத் திருப்பி அழைத்து, பின்னால் ஒரு சிறிய ஸ்பொய்லரைப் பூட்டியது. அதோடு நிற்காமல் சில்லுகளைத் தாங்கும் பகுதிகளையும் திருத்தியது; கார் வழுக்காமல் காக்கும் மின்னியல் கருவியையும் சேர்த்தது. அங்கே சிறகு அலங்காரமாக வரவில்லை, மருந்தாக வந்தது.

ஆனால் நோய் இல்லாதவனுக்கு மருந்து எதற்கு?

காற்றின் அழுத்தம் வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடும், குறையும். வேகம் மூன்றில் ஒன்றானால் அழுத்தம் ஒன்பதில் ஒன்றாகிவிடும். 180 கிலோமீற்றர் வேகத்தில் ஒரு சிறகு 90 கிலோ பாரத்தோடு அழுத்துகிறது என்று வைத்துக்கொள்வோம். 60 கிலோமீற்றர் வேகத்தில் அது வெறும் 10 கிலோதான். ஒரு சிறிய அரிசிப் பையைப் பின்னால் வைத்தாலும் அதே பாரம் கிடைக்கும்! நம் நாட்டின் சாதாரண வீதிகளில் காருக்குச் சட்டம் அனுமதிக்கும் வேகம் குடிமனைப் பகுதியில் 50, வெளியே 70. பாடசாலைப் பிள்ளைகளும் சைக்கிள்களும் மாடுகளும் கடக்கும் கல்முனை–அக்கரைப்பற்று வீதியில் அந்தச் சிறகுக்கு என்ன வேலை?

இன்னொன்றையும் கவனியுங்கள். நம் வீடுகளில் உள்ள சிறிய கார்களில் பெரும்பாலானவற்றை இழுப்பது முன்சில்லு. பின்னால் சிறகு வைத்து அழுத்தினால் இழுக்கும் சில்லுக்கு அதனால் பலம் கூடாது.

பணக்காரரின் காரும் இதற்கு விலக்கல்ல. இத்தாலியின் லம்போகினி கம்பனி செய்த கவுண்டாக் காருக்கு, விரும்பினால் வாங்கலாம் என்று ஒரு பெரிய சிறகை விற்றார்கள். அதைப் பூட்டினால் காரின் உச்ச வேகம் சுமார் 16 கிலோமீற்றர் குறைந்தது. ஆனாலும் பார்வைக்காகவே அதைக் கேட்டு வாங்கியவர்கள் பலர்.

சரியாகப் பூட்டாத சிறகு ஆபத்தும்கூட. 1969இல் பார்சிலோனாவில் நடந்த பந்தயத்தில் லோட்டஸ் குழுவின் இரு கார்களின் உயரமான சிறகுகள் ஓட்டத்தின் நடுவே முறிந்து, இரண்டும் மோதி நொறுங்கின. அதற்குப் பிறகு அத்தகைய உயரச் சிறகுகள் தடை செய்யப்பட்டன. தேர்ந்த பொறியியலாளர்கள் பூட்டியதற்கே இந்த நிலை என்றால், இரண்டு ஆணியையும் பசையையும் கொண்டு தெருக் கராஜில் ஒட்டியது பின்னால் வரும் மோட்டார் சைக்கிள்காரர் மீது கழன்று விழுந்தால் என்னாவது?

காற்றுக்காகப் பூட்டுவதெல்லாம் வீண் என்று எண்ணிவிடாதீர்கள். கொழும்புக்கு ஓடும் பெட்டி லொறிகள் சிலவற்றின் சாரதி ஆசனத்துக்கு மேலே சாய்வான ஒரு தடுப்பு இருக்கும். பெட்டியின் நெற்றியில் மோதும் காற்றை அது மேலே திருப்பிவிடுகிறது. தூரப் பயணத்தில் டீசல் மிச்சமாகிறது. அது பயன்.

2025 ஜனவரியில் பஸ்களிலும் முச்சக்கர வண்டிகளிலும் மேலதிகமாகப் பூட்டியவற்றைக் கழற்றும் நடவடிக்கையைப் பொலிஸார் தொடங்கியபோது சாரதிகள் கொதித்தார்கள். அழகுபடுத்துவது குற்றமா என்று கேட்டார்கள். அழகை விரும்புவது மனித இயல்புதான். அதை யாரும் குறை சொல்ல முடியாது. அலங்காரத்துக்குப் பாதுகாப்பு என்று பெயர் சூட்டிக் காசு கேட்பதுதான் தவறு. அதைவிடப் பெரிய தீங்கு, அந்தப் பெயரை ஓட்டுபவனே நம்பிவிடுவது. "என் காரில் சிறகு இருக்கிறது, தூக்காது" என்று நம்பும் இளைஞனின் கால் வேகத்தை இன்னும் மிதிக்கிறது.

ஆகவே தாய்மாரே, மகன் வந்து கேட்டால் கோபப்படாமல் அருகில் இருத்தி மூன்று கேள்விகள் கேளுங்கள். இது எந்த வேகத்தில் வேலை செய்யும்? இந்தக் காருக்கென்றே இதைச் செய்து சோதித்துப் பார்த்தவர் யார்? ரயரின் பூ தேயாமல் இருக்கிறதா, பிரேக் சரியாகப் பிடிக்கிறதா? முதல் இரண்டுக்கும் அவன் மௌனமாக இருந்தால், அந்தக் காசை மூன்றாவதற்குச் செலவிடச் சொல்லுங்கள். நல்ல ரயரை யாரும் திரும்பிப் பார்த்து மெச்ச மாட்டார்கள். ஆனால் மாரி மழையில் நனைந்த வீதியில், குறுக்கே ஒரு பிள்ளை ஓடிவரும் நொடியில், காரை நிறுத்தப்போவது அதுதான்.