ஒரு கண்ணில் இரு வியாதி

"புரைதானே, நன்றாக முற்றட்டும்" என்று நாளைக் கடத்தும் பெரியவர்கள் நம் ஊர்களில் இன்னும் இருக்கிறார்கள். புரை மட்டுமே என்றால் தாமதத்தினால் பெரும்பாலும் பார்வை அடியோடு போய்விடுவதில்லை. அதே கண்ணில் கிளாக்கோமா என்னும் கண் அழுத்த நோயும் இருந்தால் விஷயம் வேறு.

மங்கிய லென்ஸை எடுத்துவிட்டுச் செயற்கை லென்ஸைப் பொருத்தினால், புரை மறைத்த பார்வை திரும்பிவிடும். கிளாக்கோமாவிலோ, கண்ணுக்குள் ஊறும் நீர் சரிவர வடியாமல் அழுத்தம் மிகுந்து, பார்வை நரம்பு சிறுகச் சிறுகப் பட்டுப் போகிறது. பட்ட நரம்பு மீண்டும் துளிர்ப்பதில்லை.

இவ்விரண்டுக்கும் ஒரே அமர்வில் சஸ்திர சிகிச்சை செய்வது இப்பொழுது வழக்கத்தில் இருக்கிறது. புரையை அகற்றி லென்ஸை வைப்பதோடு, வெண்விழியில் ஒரு சிறு மடல் கீறி, அதன் அடியில் நீர் கசிய வழி செய்கிறார்கள். இந்த மடல் முறையைக் கெய்ர்ன்ஸ் என்பவர் 1968-ல் வெளியிட்டார். ஆனால் வடிகால் வைத்தியத்துக்கும் சென்னைக்கும் அதைவிடப் பழைய உறவு உண்டு. 1909-ல் எழும்பூர்க் கண்ணாஸ்பத்திரியில் எலியட் என்னும் வெள்ளைக்கார வைத்தியர் வெண்விழியின் விளிம்பில் வட்டத் துளையிட்டு நீரை வடித்தார். அம்முறை பல தேசங்களுக்கும் பரவிற்று. அவர் கை தேர்ந்தது நம்மவர் கண்களில்தான் என்பதையும் சொல்லிவிட வேண்டும்!

சேர்த்துச் செய்வதில் அலைச்சல் ஒன்றோடு போகிறது. எனினும், வடிகாலைத் தனியே செய்வதைவிட அழுத்தம் சற்றுக் குறைவாகவே இறங்கக்கூடும். புண் ஆறும்போது தழும்பு வழியை அடைப்பதும் உண்டு. அதைத் தடுக்க மைட்டோமைஸின் என்னும் மருந்தை இடுகிறார்கள். ஆகையால், நரம்பு மிகவும் பழுதுபட்டவர்க்குச் சில வைத்தியர்கள் வடிகாலையே முதலில் செய்வார்கள். வேறு சிலருக்கோ, பருத்த லென்ஸை எடுத்த மாத்திரத்தில் அடைபட்டிருந்த வழி திறந்து அழுத்தம் தணிந்துவிடுகிறது.

எங்கள் தெருப் பெரியவர் ஒருவர் கட்டு அவிழ்த்ததும் காலண்டரின் சிறு எழுத்தைப் படித்து மகிழ்ந்தார். பக்கத்தில் நின்ற பேரனைக் காண மட்டும் தலையைத் திருப்ப வேண்டியிருந்தது. "இது எப்பொழுது தெளியும்?" என்றார். தெளியாது என்பதை முன்னதாக யாரும் அவருக்குச் சொல்லியிருக்கவில்லை. மூன்று நாள் அவர் யாருடனும் பேசவில்லை. நான்காம் நாள் தம் தம்பிக்குக் கடிதம் எழுதச் சொன்னார். இவ்வியாதி குடும்பத்தில் தொடர்வது; தம்பி இப்பொழுது ஆண்டுதோறும் அழுத்தத்தையும் நரம்பையும் சோதித்துக் கொள்கிறார்.