தொலைகாட்டிக் கண்ணாடிக்கு "நல்ல தண்ணி" போதாது

 

அப்புத்தளை, பண்டாரவளைப் பக்கம் தொலைகாட்டி வைத்திருக்கும் பாடசாலைகளின் ஆசிரியர்கள், பழைய மாணவர்கள், பெற்றோர் எல்லோருக்கும் இது. கொஞ்சம் காரமாகத்தான் இருக்கும்.

"எங்க மலைத் தண்ணிய விடச் சுத்தமான தண்ணி எங்க இருக்கு? அதுல கழுவினா என்ன?" இந்தப் பேச்சைக் கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டது. பீலித் தண்ணி குடிக்க அருமை, வுழூச் செய்யவும் அருமை. ஆனால் குடிக்கச் சுத்தம் வேறு, வுழூவுக்குச் சுத்தம் வேறு, தொலைகாட்டிக் கண்ணாடிக்குச் சுத்தம் வேறு.

வீட்டுக் கண்ணாடியில் பூச்சு பின்பக்கம் இருக்கிறது. தொலைகாட்டியில் முன்பக்கம். அந்த அலுமினியப் பூச்சின் தடிப்பு ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டரின் பத்தாயிரத்தில் ஒரு பங்கு. சட்டை நுனியால் ஒரு தேய்ப்பு போதும், கீறல் நிரந்தரம்.

வேனைக் கழுவித் துடைக்காமல் வெயிலில் விட்டால் கண்ணாடியில் வெள்ளைப் புள்ளி விழுவதைப் பார்த்திருப்பீர்கள். தண்ணி ஆவியாகிறது, கரைந்திருந்த உப்பு அங்கேயே நிற்கிறது. தொலைகாட்டியிலும் அதேதான். அந்தப் புள்ளியைத் துடைக்கப் போய்த்தான் பூச்சையும் சேர்த்துத் துடைக்கிறோம்.

"கொதிக்க வைத்தால்?" கிருமி சாகும், உப்பு போகாது. "ஃபில்டர் தண்ணி?" வீட்டு ஃபில்டர் அழுக்கைப் பிடிக்கும், கரைந்ததைப் பிடிக்காது. "போத்தல் தண்ணி?" லேபலை வாசியுங்கள், கல்சியம், மக்னீசியம் என்று அவர்களே போட்டிருப்பார்கள். "மழைத் தண்ணி?" வானத்திலிருந்து வரும்போது சரி, தகரக் கூரையில் பாசியையும் தூசியையும் கழுவிக்கொண்டு வந்த பிறகு சரியில்லை.

தேவை காய்ச்சி வடித்த நீர். அதுவும் கடைசி அலசலுக்கு மட்டும். முதலில் ஊதும் பந்தால் தூசியை ஊதி விடுங்கள். கழற்றிய கண்ணாடியைச் சாதாரணத் தண்ணியில் அலசி, இரண்டு சொட்டு மென்மையான சவர்க்காரம் கலந்த நீரில் ஊறிய பஞ்சை அழுத்தாமல் இழுங்கள். திரும்ப அலசி, ஈரம் காயும் முன் வடித்த நீரை ஊற்றிச் சரித்து நிறுத்துங்கள். துடைக்க வேண்டாம். லேசான தூசி படத்தைக் கெடுக்காது, அதனால் மாதாமாதம் கழுவவும் வேண்டாம்.

வடித்த நீருக்கு எங்கே போவது? பெட்டரிக்கு ஊற்றும் வடித்த நீர் கராஜ்களில் கிடைக்கும் (அசிட் போத்தலை மாறி எடுத்துவிடாதீர்கள்). அதுவும் வேண்டாமா? ஆய்வுகூட அலுமாரியில் லீபிக் ஒடுக்கி தூங்குகிறதே, பிள்ளைகளைக் கொண்டு வடிக்கலாம். பாடமும் ஆச்சு, தண்ணியும் ஆச்சு.

தமிழ்நாட்டின் காவலூர் வானாய்வகத்தில் 2.34 மீட்டர் தொலைகாட்டி இருக்கிறது. பூச்சு மங்கினால் திரும்பப் பூச அங்கேயே வெற்றிட அறை உண்டு. நமக்கு என்ன உண்டு? பூச்சு போனால் அந்தத் தொலைகாட்டி அலுமாரிக்குத்தான். லயத்துப் பிள்ளை சனியின் வளையத்தைப் படத்தில் மட்டும்தான் பார்க்கும்.

விழாவில் பொன்னாடைக்கும் மாலைக்கும் காசு இருக்கிறது. ஒரு போத்தல் தண்ணிக்கு இல்லையா? மாதாமாதம் பிறை தேடும் சமூகம் நாம். வானத்தைக் காட்டும் கருவியை மதிக்க நமக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை.

உங்கள் பாடசாலை குழுமத்தில் பகிருங்கள். அடுத்த விழாவுக்கு யாராவது துணியோடு கிளம்பும் முன் இது அவர் கண்ணில் படட்டும்.