அப்பாவுக்கு ஆல்ட்டோ போதும்

கார் வாங்கும் எண்ணத்தோடு லீவுக்கு ஊருக்குக் கிளம்பும் நம்மாட்களுக்கு ஒரு வார்த்தை. கோபம் வந்தாலும் பரவாயில்லை, சொல்லிடறேன்.

பாறசாலைக்கும் நெய்யாற்றின்கரைக்கும் நடுவில் நம்ம ஊர்ப்பக்கம் இப்போ சகஜமான காட்சி இது. புது வீடு, போர்ச்சில் உறை போர்த்தின பெரிய எஸ்யூவி. மகன் வெளிநாட்டில். அப்பாவும் அம்மாவும் ஆட்டோவுக்குப் போன் போட்டுட்டு வாசலில் காத்திருப்பாங்க.

அடுத்தவங்களைக் குறை சொல்லலை. நானே செய்த முட்டாள்தனம்தான். அப்பாவிடம் ஒரு மாருதி 800 இருந்தது. 796 சிசி எஞ்சின், மூன்றரை மீட்டர்கூட இல்லாத நீளம். 1983-ல் வந்து 2014 ஜனவரியில் தயாரிப்பு நின்றுபோன வண்டி. அதுக்கப்புறமும் பல வருஷம் ஓட்டினார். காலையில் களியக்காவிளை சந்தை, சாயங்காலம் நெய்யாற்றின்கரையில் அத்தை வீடு. 1956-ல் எல்லைக்கோடு போட்டாங்க, சொந்தபந்தம் ரெண்டு பக்கமும்தானே கிடக்கு? கல்யாணம், சாவு, கோயில் கொடை, எல்லாத்துக்கும் அந்த வண்டிதான்.

நான் லீவில் போய் அதை விற்று, பெரிய வண்டி இறக்கினேன். அப்பாவுக்காக என்று சொல்லிக்கிட்டேன். உண்மையில் ஊர் பார்க்கணும் என்றுதான். நம்ம இடவழியில் எதிரே ஒரு ஆட்டோ வந்தாலே யாராவது ரிவர்ஸ் எடுக்கணும். ரெண்டே நாளில் அப்பா சாவியைத் திருப்பித் தந்தார். "மக்களே, ஒனக்க வண்டிய நீயே வந்து ஓட்டு."

அதுக்கப்புறம் ஆஸ்பத்திரிக்கும் ஆட்டோதான்.

பி.காம் படிச்சு பேங்கில் உட்கார்ந்து அடுத்தவங்களுக்கு இ.எம்.ஐ கணக்குப் போடறவன் நான். என் கணக்கை நான் போடலை! 9 சதவீத வட்டி, 7 வருஷம் என்று வைங்க. 10 லட்சம் கடனுக்கு மாசம் சுமார் 16,100 ரூபாய். 4 லட்சத்துக்கு 6,450-க்குள். மாசம் 9,600-க்கு மேல் வித்தியாசம், அப்பா அம்மாவின் மருந்துச் செலவுக்கு ஆகும். ரோடு டாக்ஸும் ரெண்டு மாநிலத்திலும் விலை ஏற ஏற சதவீதமும் ஏறும். 2025 செப்டம்பர் 22 முதல் நாலு மீட்டருக்குள், 1200 சிசிக்குள் இருக்கும் பெட்ரோல் கார்களுக்கு ஜிஎஸ்டி 28-லிருந்து 18 சதவீதம் ஆயிடுச்சு. பெரிய வண்டிகளுக்கு 40.

"சின்ன வண்டி சேஃப்டி இல்லையே" என்பீங்க. நியாயமான கேள்வி. 2023-ல் குளோபல் என்கேப் சோதனையில் ஆல்ட்டோ கே10-க்குப் பெரியவர்கள் பாதுகாப்பில் 2 ஸ்டார்தான், மறைக்கலை. 2025-ல் எல்லா மாடலுக்கும் 6 ஏர்பேக் கொடுத்திருக்காங்க. குடும்பத்தோடு பெங்களூருக்கு நூறில் விரட்டுபவர் வேறு வண்டி பாருங்க. ஆனா பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டரை முப்பதில் ஓட்டும் எழுபது வயசுக்காரருக்கு, அவரால் அடக்க முடியாத வண்டிதான் ஆபத்து.

கடைசியா ஒண்ணு. "பொண்ணு வீட்டில் ஆல்ட்டோவா கொடுத்தாங்க?" என்று கல்யாணப் பந்தியில் கேட்கிறோமே, அந்தக் கேள்விக்குப் பயந்துதான் எத்தனையோ அப்பாக்கள் கடன் விண்ணப்பத்தோடு பேங்குக்கு வந்து நிற்கிறாங்க. முதலில் அந்தக் கேள்வியை நிறுத்துவோம்.

கார் வாங்கும் முன்னால் அப்பாவிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்க: "இதை நீங்க ஓட்டுவீங்களா?" நான் கேட்கலை.