வற்ற மறந்த ஏரி

கோயிலுக்குத் தாமரை வாங்கும்போதெல்லாம் எனக்குத் தாசேக் சினியின் நினைவு வரும். பகாங் மாநிலத்தில், பெக்கான் மாவட்டத்தில் இருக்கும் ஏரி அது. பரப்பளவு சுமார் 200 ஹெக்டர். நம் பக்கத்துச் செம்பனைத் தோட்டங்களோடு ஒப்பிட்டால் சின்னதுதான். ஆனால் 2009இல் யுனெஸ்கோ அதை உயிர்க்கோளக் காப்பகமாக அறிவித்தது. மலேசியாவில் அந்தப் பெருமையை முதலில் பெற்றது சினிதான்.

உண்மையில் அது ஒரே ஏரியும் இல்லை. ஒன்றோடொன்று இணைந்த 12 நீர்நிலைகள். கரையில் வாழும் ஜக்கூன் பூர்வகுடி மக்கள் ஒவ்வொன்றையும் ‘லாவுட்’, அதாவது கடல் என்றே சொல்கிறார்கள். ஓரங்களில் ரசாவ் என்ற தாழை, பாய் முடைய உதவும் பூருன் கோரை, நடுவே இளஞ்சிவப்புத் தாமரை. நாம் சாமிக்கு வைக்கும் அதே தாமரைதான்.

அந்தத் தாமரை வெகுவாகக் குறைந்துபோனது. தண்ணீர் எப்போதும் நிறைந்திருந்ததும் அதற்கு ஒரு காரணம் என்றால் நம்புவீர்களா?

மழைக்காலத்தில் பகாங் ஆறு பெருகி, சினி ஆற்றின் வழியாகப் பின்னோக்கி ஏரிக்குள் ஏறும். வெயில் காலத்தில் அதே வழியில் வடியும். கரையோர மரங்கள் இந்தக் கணக்குக்குப் பழகியவை. சில மாதம் வேர் மூழ்கும், சில மாதம் காற்று வாங்கும். 1995இல் சினி ஆற்றின் குறுக்கே தடுப்பணை கட்டினார்கள். ஆண்டு முழுக்கச் சுற்றுலாப் படகு ஓட வேண்டும் என்ற நல்லெண்ணம்தான். நீர் வடியவில்லை. மரங்கள் நின்ற இடத்திலேயே பட்டுப்போயின. ஆழம் கூடிய நீரில் தாமரையின் இளந்தளிர் மேலே வரத் திணறியது. சுற்றிலும் காடழிப்பும் சுரங்கமும் சேற்றை இறக்க, வெளிச்சமும் குறைந்தது.

அசையாமல் நின்ற நீரில் வேறொன்று செழித்தது: கபோம்பா. அங்கே அதன் பெயர் ‘ஏக்கோர் கூச்சிங்’, பூனைவால். தென் அமெரிக்காவிலிருந்து வந்த செடி. படகின் விசிறி அதை வெட்ட வெட்ட, ஒவ்வொரு துண்டும் தனிச் செடியாகிவிடும். ஊதா கலந்த இளஞ்சிவப்பில் அழகாகப் பூக்கும் என்பதுதான் வேதனை. விவரம் தெரியாத நாமெல்லாம் நின்று படம் எடுப்போம். இடையில் தாமரை மீண்டும் பூத்த ஆண்டுகளும் உண்டு. பூனைவாலை ஒழிப்பதுதான் பெரும்பாடு.

மீன்தொட்டிக் கடையில் ஒரு கட்டுச் செடி வாங்கியபோதுதான் எனக்கு உறைத்தது. அதுவும் கபோம்பா இனம். குருபோங்கில் எங்கள் வீட்டுக் கால்வாய்த் தண்ணீர் கடைசியில் மலாக்கா ஆற்றைத்தான் சேர்கிறது. அதனால் தொட்டி கழுவும் நாளில் பழைய செடியைச் சல்லடையில் வடிகட்டி, வெயிலில் மொறுமொறுவெனக் காய வைத்துக் குப்பையில் போடுகிறேன். “செடியை வடகம் மாதிரி காயப்போடுறீங்களேப்பா!” என்று சிரிக்கிறாள் மகள். இருந்தாலும் சல்லடையைப் பிடித்துக்கொள்வது அவள்தான்.