நாய்க்குக் காவல்

என் சித்தி கோத்தகிரியில் குடியேறி ஆறு வருஷம் ஆகிறது. சித்தப்பா உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்ற கையோடு, சென்னை வெயிலுக்கு ஒரு பெரிய கும்பிடு போட்டுவிட்டு இருவரும் மலையேறிவிட்டார்கள். வீடு சின்னதுதான். ஆனால் பின்னால் அரை ஏக்கர் சரிவு நிலம். "இனிமேல் காய்கறிக் கடைப் பக்கம் தலை வைத்துப் படுப்பதில்லை" என்று சபதம் செய்துகொண்டு, காரட், பீட்ரூட், முட்டைக்கோஸ், பீன்ஸ், பட்டாணி என்று பாத்தி பாத்தியாகப் போட்டாள் சித்தி.

விளைந்தது என்னவோ பிரமாதமாகத்தான் விளைந்தது. சாப்பிட்டவர்கள்தான் வேறு! முட்டைக்கோஸின் குருத்தை முயல் தின்றது. பட்டாணிக் கொடியைக் கேளையாடு மேய்ந்தது. உருளைக்கிழங்குப் பாத்தியை ஒரே ராத்திரியில் காட்டுப் பன்றி ஏர் இல்லாமலே உழுதுவிட்டுப் போயிற்று. மிச்சமிருந்த பீன்ஸுக்குப் பட்டப் பகலில் குரங்குகள் வந்தன. சித்தப்பா தம்முடைய பழைய ஆபீஸ் கோட்டை மாட்டிப் பொம்மை ஒன்று செய்து நிறுத்தினார். மூன்று நாள் எல்லாம் பயந்தன. நாலாம் நாள் குரங்கு ஒன்று அந்தப் பொம்மையின் தோள்மீது உட்கார்ந்துகொண்டு, மற்றொரு குரங்குக்குச் சாவகாசமாகப் பேன் பார்த்துக்கொண்டிருந்ததாம்!

பொம்மையோ, தகர டப்பாவோ, பட்டாசோ, எதுவானாலும் கதை இதுதான். நேற்று நின்ற இடத்திலேயே இன்றும் நிற்பதை, நேற்றுப் போலவே இன்றும் சத்தம் போடுவதை, மிருகங்கள் சீக்கிரமே படித்துவிடுகின்றன. நாயை அப்படிப் படிக்க முடிவதில்லை. அது இப்போது கிணற்றடியில் இருக்கும், அடுத்த நிமிஷம் வேலியோரம் நிற்கும். அது அங்கே இல்லாதபோதும் அதன் வாடை செடியிலும் கல்லிலும் இருக்கும். முயலுக்கும் மானுக்கும் அந்த வாடையே ஒரு நோட்டீஸ் பலகை.

வள்ளி தினைப்புனம் காத்த கதை நமக்குத் தெரியும். பரண்மீது நின்று கவண் வீசிக் கிளியை விரட்டினாள். அவளிடம் ஒரு நாய் இருந்திருந்தால், கிழவர் வேஷத்தில் வந்தவரை அது கிட்ட விட்டிருக்குமோ என்னவோ! நல்ல வேளை, இல்லை.

சித்தி வீட்டுக்கு முதலில் வந்த நாயின் பெயர் மணி. நாட்டு நாய். செம்பழுப்பு நிறம், தூக்கிய காது. அது வந்த ஒரு மாதத்தில் முயல் வரவு நின்றது. கேளையாடு வேலிக்கு அப்பால் நின்று குரைப்பதோடு சரி. (கேளையாடு என்பது ஆடல்ல, ஒரு வகை மான். அதன் குரலும் நாய் குரைப்பது போலவேதான் இருக்கும். மணிக்கு இதில் கடைசிவரை குழப்பம்தான்.) சித்தி முதல் தடவையாக ஒரு முழு முட்டைக்கோஸை நறுக்கிப் பொரியல் செய்தாள். அந்தச் சந்தோஷத்தில் எனக்கு டெலிபோனே வந்தது.

பிறகு ஒரு மார்கழி ராத்திரி. வழக்கம்போல மணியைக் கொல்லைப்புறத் தூணில் சங்கிலியால் கட்டிவிட்டு இருவரும் படுத்துவிட்டார்கள். நடு இரவில் ஒரே ஒரு குரைப்பு. அப்புறம் சங்கிலி இழுபடும் சத்தம். சித்தப்பா விளக்கைப் போட்டுக் கதவைத் திறப்பதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. தூணும் அறுந்த சங்கிலியும்தான் இருந்தன.

"நானே கட்டினேன். என் கையாலேயே கட்டிப் போட்டேன். ஓடவும் முடியாமல் பண்ணிட்டேனே!" என்று சித்தி போன மே மாதம் என்னிடம் சொன்னபோது, இரண்டு வருஷம் கழிந்தும் அவள் குரல் உடைந்தது.

இது சித்திக்கு மட்டும் வந்த சோதனை அல்ல. சிறுத்தைக்கு நாய் என்றால் அவ்வளவு இஷ்டம். மகாராஷ்டிரத்தில் அகோலே வட்டாரத்துக் கரும்புக் காட்டுச் சிறுத்தைகளின் எச்சத்தை ஆராய்ந்து 2014-ல் வெளியிட்டார்கள். அவை உண்டதில் எடைக் கணக்கில் 39 சதவீதம் நாய்தானாம்! நீலகிரியிலும் வீட்டு வாசல்வரை வந்து நாயைக் கவ்விக்கொண்டு போகும் சிறுத்தையைக் காமிராக்கள் எத்தனையோ தடவை படம் பிடித்திருக்கின்றன. தோட்டத்துக்குக் காவல் என்று நாம் கட்டிப் போடுகிற நாய், சிறுத்தையின் கண்ணுக்குத் தட்டில் வைத்த பலகாரம்.

பக்கத்துத் தோட்டத்தில் காரட் பயிரிடும் பெரியவர் ஒருவர் அன்று துக்கம் விசாரிக்க வந்தாராம். "நாயைக் காவலுக்கு வைக்கிறவங்க, ராத்திரியிலே நாய்க்கு ஒரு காவல் வைக்கணும், அம்மா" என்று சொல்லிவிட்டு, மறுநாள் தாமே வந்து கூண்டுக்கு இடம் பார்த்துக் கொடுத்தார்.

அந்தக் கூண்டைப் பார்த்தேன். நாலு பக்கமும் கெட்டியான இரும்பு வலை, மேலே கூரை, கீழே சிமெண்டுத் தரை, வெளியே தாழ்ப்பாள். வலையிலிருந்து எட்டித் தள்ளி, குளிருக்கு அடக்கமாக உள்ளே ஒரு மரப்பெட்டி. வீட்டுச் சுவரை ஒட்டி, ஆனால் முகம் தோட்டத்தைப் பார்த்து இருக்கிறது. இப்போது அதில் இருப்பவன் ராஜா. அவனும் நாட்டு நாய்தான். பொழுது சாயுமுன் கூண்டுக்குள். நன்றாக விடிந்த பிறகே வெளியே. பகலெல்லாம் சங்கிலி கிடையாது. வேலிக்குள் அவன் இஷ்டம்.

கூண்டில் அடைத்த நாய் எப்படிக் காவல் காக்கும் என்று நானும் கேட்டேன்.

"அவன் குரல்தான்டி காவல். பல் இல்லை" என்றாள் சித்தி.

சித்தி சொன்னதை வெளிநாட்டு அனுபவமும் ஆமோதிக்கிறது. ஆஸ்திரேலியாவில் வார்ணம்பூல் என்ற ஊருக்கு எதிரே மிடில் தீவு என்று ஒரு சின்னத் தீவு. அங்கே வாழும் சிறிய பென்குவின் பறவைகளை, கடல் வற்றும் நேரத்தில் நடந்தே வந்து நரிகள் தின்று தீர்த்தன. 800 போல இருந்தவை 2005-ல் பத்துக்கும் கீழே போயின. ஒரு கோழிப் பண்ணைக்காரர், தம் கோழிகளைக் காக்கும் மரெம்மா நாய்களைத் தீவில் விடலாமே என்றார். 2006-ல் விட்டார்கள். பென்குவின்கள் மறுபடி பெருகின. நாய்கள் நரியைக் கொன்று குவிக்கவில்லை. அவை அங்கே இருந்தன, குரைத்தன, அவ்வளவுதான். கடல் கொந்தளிப்பால் நாய்களை அனுப்ப முடியாமல் போன 2017-ல் நரிகள் திரும்பி வந்து, நூற்றுக்கு மேற்பட்ட பென்குவின்களைக் கொன்றுவிட்டன.

அமெரிக்காவில் மிஸௌரி மாநிலத்தில் பைன் கன்றுகளையும், நியூயார்க் மாநிலத்தில் ஆப்பிள் மரங்களையும் மான்களிடமிருந்து நாய்களைக் கொண்டு காத்துப் பார்த்திருக்கிறார்கள். நாய் எல்லை தாண்டாமலிருக்க மண்ணுக்குள் கம்பி புதைத்து, அதன் கழுத்துப் பட்டையில் சிறு கருவி மாட்டிவிடுவார்கள். எல்லைக்குள் இராப்பகலாக நாய் சுற்றும். மான் தள்ளியே நிற்கும். நல்ல யோசனைதான். ஆனால் மிஸௌரியில் சிறுத்தை கிடையாது! நம் மலைக்கு அதை அப்படியே கொண்டுவர முடியாது.

வேலி தாண்டாமல் இருப்பது நம் ஊரிலும் முக்கியம். காட்டுக்குள் ஓடி மானைத் துரத்தும் நாய் காவல் நாய் அல்ல, வேட்டை நாய். 1972-ஆம் வருஷத்து வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம், கொல்வதை மட்டும் வேட்டை என்று சொல்லவில்லை. துரத்துவதும் அதில் சேரும். ஆகவே சிப்பிப்பாறை நாயின் ஒயிலைப் பார்த்து மயங்கித் தோட்டத்துக்கு வாங்காதீர்கள். முயலைக் கண்ணால் கண்டதும் காற்றாய்ப் பறப்பதற்கென்றே வளர்க்கப்பட்ட ஜாதி அது. முயலோடு அதுவும் போய்விடும்! 2005-ல் தபால் தலையிலேயே இடம் பிடித்த ராஜபாளையம் நாய் கம்பீரமானது, சந்தேகமில்லை. ஆனால் அந்த வெள்ளை ஜாதியில் பிறவியிலேயே காது கேளாத குட்டிகள் உண்டு. வாங்குமுன் பின்னால் நின்று கை தட்டிப் பாருங்கள். என்னைக் கேட்டால், அந்த ஊர்க் குளிருக்கும் மழைக்கும் பழகிய நாட்டு நாய்க் குட்டியே போதும் என்பேன்.

நாயால் ஆகாத காரியமும் உண்டு. குரங்கு மரத்தின்மேல் ஏறிக்கொண்டு நாயைப் பார்த்துப் பல்லை இளிக்கும். முள்ளம்பன்றியிடம் மூக்கை நீட்டினால் முகமெல்லாம் முள். ஆண் பன்றியின் கோரைப்பல் நாயின் வயிற்றையே கிழித்துவிடும். எல்லாவற்றிலும் ஆபத்து, நாம் காட்டெருமை என்று சொல்லும் மிருகம். அது எருமையே அல்ல, காட்டு மாடு. நம் பழைய நூல்களில் வரும் ஆமா அதுதான். நன்றாக வளர்ந்த காளை ஆயிரம் கிலோ எடைகூட இருக்கும். நாய் அதன் காலடியில் போய்க் குரைத்தால் அது சீறிக்கொண்டு திரும்பும். நாய் பயந்து எங்கே ஓடும்? எஜமானியின் புடவைத் தலைப்புக்குத்தான் ஓடி வரும். பின்னாலேயே அந்த ஆயிரம் கிலோவும் வரும்! கரடி விஷயமும் ஏறக்குறைய இப்படித்தான்.

அதனால் ராஜா ராத்திரியில் குரைத்தால் சித்தி கதவைத் திறப்பதில்லை. ஜன்னல் வழியாக டார்ச் அடித்துப் பார்ப்பாள். பன்றியாக இருந்தால் வெளிச்சமும் சத்தமும் சேர்ந்து பெரும்பாலும் துரத்திவிடும். காட்டு மாடாக இருந்தால் விளக்கை அணைத்துவிட்டுப் படுத்துக்கொள்வாள். "நாலு முட்டைக்கோஸ் போனால் போகட்டும்" என்கிறாள், அன்று சபதம் செய்த அதே சித்தி!

ராஜாவுக்கு வேளாவேளைக்கு வயிறு நிறையச் சாதம் போடுகிறாள். பசித்த நாய் காட்டுக்குப் போகும். மிச்சம் மீதியை வெளியே கொட்டுவதுமில்லை. அது பன்றிக்கும் கரடிக்கும் அழைப்பிதழ். குட்டி போடாமல் செய்யும் அறுவைச் சிகிச்சையும் ஆகிவிட்டது. வெறிநாய்க்கடித் தடுப்பூசியை மூன்று மாதக் குட்டியிலேயே ஆரம்பித்து வருஷா வருஷம் போடுகிறாள். பக்கத்துக் குன்னூரில் 1907 முதல் பாஸ்டர் நிலையம் இருக்கும்போது இதில் அசட்டை செய்தால் மன்னிப்பே கிடையாது. எந்த நாய் கடித்தாலும், பிராண்டினாலும், முதலில் சோப்பும் தண்ணீருமாகப் பதினைந்து நிமிஷம் கழுவிவிட்டு உடனே ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும். டிஸ்டெம்பர் என்ற நோய்க்கும் ஊசி உண்டு. இந்த ஊசி நாய்க்காக மட்டும் அல்ல. 1994-ல் ஆப்பிரிக்காவின் செரங்கெட்டிக் காட்டில் ஆயிரம் சிங்கங்கள் போல இந்த நோயில் மாண்டன. சுற்றுக் கிராமத்து நாய்களிடமிருந்து பரவியது என்பது ஆராய்ச்சியாளர்கள் முடிவு. நம் மலையிலும் செந்நாய்கள் இருக்கின்றனவே.

நான் ஊருக்குக் கிளம்பிய அன்று மாலை, சித்தி ராஜாவைக் கூண்டில் விட்டுத் தாழ்ப்பாள் போட்டாள். இரண்டடி நடந்தாள். திரும்பி வந்து தாழ்ப்பாளை ஒரு தடவை இழுத்துப் பார்த்தாள். வாசல்வரை வந்தவள், "இரு, வந்துட்டேன்" என்று மறுபடியும் போய் இழுத்துப் பார்த்துவிட்டு வந்தாள். சித்தப்பா ஒன்றும் சொல்லவில்லை. தினமும் இப்படித்தானாம்.

பஸ் ஏறும்போது, தோட்டத்துக் காரட் என்று இரண்டு கிலோ கட்டிக் கொடுத்தாள். வீட்டுக்கு வந்து பிரித்துப் பார்த்தால், ஒன்றில் மட்டும் நன்றாகப் பல் பதிந்திருந்தது. முயலின் பல் அல்ல.