நாளைக்கு ஆகட்டும்

ஸ்ரீரங்கத்தில் நமக்கு ஒரு நண்பர் உண்டு. பொன்மலை ரயில்வே தொழிற்சாலையில் முப்பத்தைந்து வருஷம் உத்தியோகம் பார்த்தவர். ரயில்வே சிப்பந்திகள் குடும்பத்துடன் பிரயாணம் செய்ய வருஷந்தோறும் இலவசப் பாஸ் உண்டென்பது நேயர்கள் அறிந்ததே. அதைக்கொண்டு நண்பர் ஒரு தரமாவது காசிக்குப் போனாரா என்றால், இல்லை. ரயிலுக்குக் காசு வேண்டாம், சரி. சத்திரத்துக்கும் சாப்பாட்டுக்கும் வேண்டுமே! அந்தப் பணமெல்லாம் 1968-ல் ஏற்பட்ட பொது வருங்கால வைப்பு நிதிக்குப் போயிற்று. பதினைந்து வருஷம் பொறுத்தால் முதிரும் நிதி அது. முதிரவும் முதிர்ந்தது, பெண்ணும் பிள்ளையும் கடனில்லாமல் படித்தார்கள். இதைக் குறை கூற நமக்கு நாக்கு எழவில்லை.

முக்கொம்பில் ஒரு வேடிக்கை உண்டு. தாழ்ந்து கிடந்த கொள்ளிடம் காவேரித் தண்ணீரை இழுத்துக்கொண்டதால் தஞ்சை வயல்கள் வாடின. 1836-ல் ஆர்தர் காட்டன் என்னும் இன்ஜினீயர் கொள்ளிடத்தின் குறுக்கே மேலணை எழுப்பலானார். பிறகோ, காவேரியில் வெள்ளம் மிதமிஞ்சிவிட்டது! அந்தப் பக்கமும் ஓர் அணை போடவேண்டியதாயிற்று. நண்பர் முதல் அணையோடு நின்றுவிட்டார்.

ஓய்வு பெற்றபின் காசிக்குப் பாஸ் வாங்கிய மாதத்தில் அவர் மனைவிக்கு முழங்கால் முடங்கிற்று. உச்சிப் பிள்ளையாரையும் மொட்டை மாடியிலிருந்துதான் சேவிக்கிறார்.

சென்ற ஆடிப் பதினெட்டன்று நண்பர் அந்த அம்மாளை ஆட்டோவில் அம்மா மண்டபத்துக்கு அழைத்துப்போனார். சித்திரான்னத்தைக் கையில் வைத்துக்கொண்டு, "கங்கையும் இத்தனை அகலம் இருக்குமோ?" என்று கேட்டாளாம்.

நம்மிடம் இதைச் சொன்னபோது நண்பர் நம் முகத்தைப் பார்க்கவில்லை.