தட்டு விற்காத காலத்தில் பாட்டு விற்கும் வித்தை

பாட்டைக் காசு கொடுத்து வாங்கி வீட்டில் அடுக்கி வைத்துக்கொள்ளும் வழக்கம் நம் கண்ணெதிரே தேய்ந்துவருகிறது. மாதச் சந்தா கட்டிக் கைப்பேசியில் கேட்கிறோம். சந்தாவும் கட்ட மனமில்லாதவர்கள் நடுநடுவே விளம்பரத்தைப் பொறுத்துக்கொண்டு கேட்கிறார்கள். கேட்பவர்களுக்கு இது லாபமே. விற்றுப் பிழைத்தவர்கள் என்ன ஆனார்கள் என்பதுதான் இம்மாதம் நாம் எடுத்துக்கொண்ட பொருள். அதிலும் அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும் ராக் இசைக்குழுக்களை நம்பி வியாபாரம் நடத்திய இசைத்தட்டுக் கம்பெனிகள் இந்தக் கால் நூற்றாண்டில் கைக்கொண்ட உபாயங்களைச் சற்று நிதானமாகப் பார்க்கலாம் என்று எண்ணுகிறோம்.

மேல்நாட்டார் கூச்சலிடும் சங்கீதம் நமக்கெதற்கு என்று முகம் சுளிக்கும் பெரியவர்கள் உண்டு. ஆயினும் பம்பாயிலும் பெங்களூரிலும் தில்லியிலும் கிட்டாரைத் தோளில் மாட்டிக்கொண்டு மாடிப்படி இறங்கும் பிள்ளைகள் நம் குடும்பங்களிலேயே இருக்கிறார்கள் என்பதை அவர்களும் அறிவார்கள். அப்பிள்ளைகளுள் யாரேனும் ஒருவர் கையில் ஒருநாள் ஓர் ஒப்பந்தத் தாள் வந்து சேரலாம். ஆகவே இவ்விஷயத்தைத் தெரிந்து வைத்துக்கொள்வதில் நஷ்டமில்லை.

வீழ்ச்சியின் அளவை முதலில் சொல்லிவிடுகிறோம். 2000-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் 78.5 கோடி ஆல்பங்கள் விற்றன. பத்தே ஆண்டுகளில், 2010-இல், அது 32.6 கோடியாகக் குறைந்தது. 2000 அக்டோபரில் லிம்ப் பிஸ்கிட் என்னும் ராக் குழுவின் ஆல்பம் முதல் வாரத்திலேயே பத்து லட்சத்துக்கு மேல் விற்றது. 2011 ஜனவரியில் கேக் என்ற குழுவின் ஆல்பம் அதே அமெரிக்கப் பட்டியலில் முதலிடத்தைப் பிடித்தபோது விற்ற தொகை ஏறத்தாழ 44,000 மட்டுமே. அதுவரை முதலிடம் பெற்ற ஆல்பங்களிலெல்லாம் மிகக் குறைந்த விற்பனை அதுதான் என்று பேசப்பட்டது. சிம்மாசனம் அதே சிம்மாசனந்தான், ராஜ்யம் சுருங்கிவிட்டது.

பழைய வியாபாரத்தின் சூட்சுமம் யாதெனில், ஒரு பாட்டைக் காட்டிப் பன்னிரண்டு பாட்டை விற்பது. வானொலியிலும் எம்.டி.வி. தொலைக்காட்சியிலும் ஒரே பாட்டை ஓயாமல் ஒலிக்கச் செய்வார்கள். அந்த ஒன்றுக்காகக் கேட்பவன் முழுத் தட்டையும் வாங்கியாக வேண்டும். மற்றப் பாட்டுக்கள் நன்றாயிருந்தால் அவனுடைய அதிர்ஷ்டம். 1999-இல் நாப்ஸ்டர் தோன்றிப் பாட்டுக்களை இலவசமாகப் பரிமாறிக்கொள்ள வழி செய்தது. மெட்டாலிக்கா குழுவினர் 2000-இல் அதன்மேல் வழக்குத் தொடுத்தனர். மறு ஆண்டில் நாப்ஸ்டர் மூடப்பட்டது. ஆனால் கதவை அடைப்பதற்குள் பசு வெளியேறிவிட்டது. 2003-இல் ஆப்பிள் கம்பெனி ஐட்யூன்ஸ் கடையைத் திறந்து ஒற்றைப் பாட்டை 99 சென்டுக்கு விற்கத் தொடங்கியது. திருட்டு நாப்ஸ்டரைக் காட்டிலும் இந்த நியாயமான கடையே பழைய வியாபாரத்தின் ஆணிவேரை அறுத்தது என்பது நம் கருத்து. வேண்டிய பாட்டை மட்டும் வாங்கலாம் என்று ஆனபின் வேண்டாத பதினொன்றை யார் வாங்குவார்?

இதன் பிறகு கம்பெனிகள் ஆடிய ஆட்டங்கள் பலவகை. 2008-இல் ஏசி/டிசி குழுவின் 'பிளாக் ஐஸ்' ஆல்பத்தை அமெரிக்காவில் வால்மார்ட் கடைகளில் மட்டுமே விற்பதென்று கொலம்பியா கம்பெனி ஏற்பாடு செய்தது. அரிசி, பருப்பு வாங்க வந்தவர்கள் கூடையில் அதையும் போட்டுக்கொண்டு போயினர். முதல் வாரத்தில் 7,84,000 விற்றன. இன்னொரு தந்திரம், கச்சேரி டிக்கெட்டோடு ஆல்பத்தையும் சேர்த்துக் கட்டிவிடுவது. டிக்கெட் வாங்கியவன் கேட்டாலும் கேட்காவிட்டாலும் ஒரு விற்பனை என்று கணக்கில் ஏறும். 2018-இல் பான் ஜோவி குழுவின் பழைய ஆல்பம் ஒன்று இவ்வாறு திடீரென முதலிடத்துக்கு வந்து, அடுத்த வாரமே நூறாவது இடத்துக்கும் கீழே போய்விட்டது. பட்டியல் தயாரிக்கும் பில்போர்டு பத்திரிகை 2020-இல் இந்தக் கணக்குக்கு முடிவு கட்டியது.

நிற்க. இவற்றையெல்லாம்விட நம் சிந்தனையைக் கிளறியது ஓகே கோ என்ற சிகாகோ குழுவின் கதை. நான்கு இளைஞர்கள், ஈ.எம்.ஐ. கம்பெனியோடு ஒப்பந்தம் செய்துகொண்டவர்கள். பெரிய நட்சத்திரங்கள் அல்லர். 2006-இல் எட்டு டிரெட்மில்களை, அதாவது நின்ற இடத்திலேயே ஓடுவதற்கான பொறிகளை, இரண்டு வரிசையாக வைத்து, அவற்றின் மேல் ஏறியும் இறங்கியும் வழுக்கியும் ஒரே மூச்சில் ஆடிப் படம் பிடித்தனர். பாடகர் டேமியன் குலாஷின் சகோதரி நடனம் அமைத்தார். கம்பெனியின் டைரக்டரும் இல்லை, கம்பெனியின் பணமும் இல்லை. அப்படத்தை யூடியூபில் இட்டனர். கண்டவர்கள் தங்கள் தங்கள் தளங்களில் எடுத்து ஒட்டினர், நண்பருக்கு நண்பர் காட்டினர், கோடிக்கணக்கானோர் பார்த்தனர். 2007-இல் கிராமி பரிசும் கிடைத்தது. கம்பெனியின் விளம்பர இலாகா முழுவதும் கூடிச் சாதிக்க முடியாததை எட்டு உடற்பயிற்சிப் பொறிகள் சாதித்துவிட்டன.

கம்பெனி மகிழ்ந்திருக்க வேண்டும். ஆனால் நடந்தது வேறு. யூடியூபின் சொந்தப் பக்கத்தில் படம் ஓடினால் கம்பெனிக்குச் சிறு தொகை வரும். பிறர் தளத்தில் ஒட்டப்பட்ட படம் ஓடினால் வராது. ஆகவே பிறர் ஒட்டிக்கொள்ளும் வசதியையே ஈ.எம்.ஐ. நிறுத்திவிட்டது. 2010 பிப்ரவரியில் குலாஷ் நியூயார்க் டைம்ஸ் பத்திரிகையில் எழுதிய கட்டுரையில் இதன் விளைவைக் கூறினார்: நாளொன்றுக்கு ஏறத்தாழ 10,000 பேர் பார்த்துவந்த படத்தை அதன்பின் ஆயிரத்துக்குச் சற்று அதிகமானோரே பார்த்தனர். கல்லாவில் விழும் சில்லறையைக் காக்கப் போய்க் கடைக்கு வரும் வழியை அடைத்த கதை இது.

அடுத்த படத்துக்கு அக்குழுவினர் கம்பெனியை எதிர்பார்க்கவில்லை. ஸ்டேட் ஃபார்ம் என்ற இன்ஷூரன்ஸ் கம்பெனியின் பண உதவியோடு, ஒன்று இடித்து ஒன்று உருண்டு தொடர்ச்சியாக இயங்கும் பிரம்மாண்டமான ஒரு யந்திர விளையாட்டை அமைத்து 2010 மார்ச்சில் வெளியிட்டனர். அதே மாதத்தில் ஈ.எம்.ஐ.யை விட்டு விலகிச் சொந்தக் கம்பெனி தொடங்கினர். இன்று ராக் குழுக்கள் காரோட்டும் கம்பெனி, பானக் கம்பெனி என்று புரவலரைத் தேடுவது சாதாரணமாகிவிட்டது. அக்காலத்தில் ஜமீன்தார், இக்காலத்தில் இன்ஷூரன்ஸ். ஆதரிப்பவன் பெயர் மாறிற்றே தவிர ஆதரவைத் தேடும் கலைஞன் நிலை மாறவில்லை.

ஈ.எம்.ஐ. என்றால் நம் வாசகர்களுக்கு அந்நியமன்று. குழாய் முன் காதைச் சாய்த்து உட்கார்ந்திருக்கும் நாயின் படம் போட்ட தட்டுக்களை நம் பாட்டனார் காலத்திலிருந்து அறிவோம். அவற்றை வெளியிட்ட கிராமபோன் கம்பெனியும் கொலம்பியா கிராபபோன் கம்பெனியும் 1931-இல் இங்கிலாந்தில் ஒன்றாய்ச் சேர்ந்து உண்டானதே ஈ.எம்.ஐ. கல்கத்தா டம்டம் தொழிற்சாலையில் அச்சான தட்டுக்கள் நம்மவர் வீடுகளில் எத்தனை! பீட்டில்ஸையும் பிங்க் ஃபிளாய்டையும் வளர்த்த அந்த மாபெரும் நிறுவனம் 2007-இல் ஒரு முதலீட்டுக் கம்பெனிக்கு விலைபோயிற்று. 2011-இல் கடன் கொடுத்த வங்கியின் கைக்கு மாறிற்று. 2012-இல் அதன் இசைத்தட்டுப் பகுதியை யூனிவர்சல் கம்பெனி விழுங்கிவிட்டது.

இனி ஒப்பந்தத்துக்கு வருவோம். பிள்ளைகளைப் பெற்றோர் இப்பகுதியைக் கவனமாகப் படிக்கக் கோருகிறோம். கம்பெனி குழுவுக்குக் கொடுக்கும் முன்பணம் பரிசன்று, ஒருவகைக் கடனே. குழுவுக்கு 1,00,000 டாலர் முன்பணம், தட்டு ஒன்றுக்கு ராயல்டி ஒரு டாலர் என்று வைத்துக்கொள்வோம். ஒரு லட்சம் தட்டு விற்றுத் தீரும் வரையில் குழுவுக்கு மேற்கொண்டு ஒரு காசும் வராது. ஒலிப்பதிவுச் செலவும், படம் எடுத்த செலவில் ஒரு பங்கும் இதே கணக்கில் ஏறும். ஒவ்வொரு தட்டிலும் பெரும்பங்கு கம்பெனியுடையதாதலால், குழுவின் கடன் தீர்வதற்கு வெகு முன்பே கம்பெனி போட்ட பணத்தை எடுத்துவிடும். ஆயினும் முன்காலத்தில் ஓர் ஆறுதல் இருந்தது. கச்சேரிப் பணம், குழுவின் பெயர் பொறித்த பனியன் விற்ற பணம் இவற்றில் கம்பெனி கை வைக்காது.

தட்டு விற்பனை விழுந்ததும் அந்த ஆறுதலும் போயிற்று. நெல்லில் வாரம் வாங்கிய மிராசுதார், விளைச்சல் குன்றியதும் கொல்லைப் பசுவின் மோரிலும் பங்கு கேட்டதுபோல், கச்சேரி, பனியன், விளம்பரம் எல்லாவற்றிலும் கம்பெனி பங்கு கேட்கலாயிற்று. முழுச் சுற்றையும் வளைத்துக்கொள்வதால் இதற்கு '360 டிகிரி ஒப்பந்தம்' என்று பெயர். 2005-இல் கார்ன் என்ற குழு ஈ.எம்.ஐ.யோடு இத்தகைய உடன்பாடு செய்துகொண்டது. பரமோர் குழுவின் விவரம் இன்னும் சுவையானது. ஹெய்லி வில்லியம்ஸ் என்ற பெண்ணைத் தனிப் பாடகியாக்க அட்லாண்டிக் கம்பெனி விரும்பியது. அவரோ நண்பர்களோடு குழுவாகப் பாடவே ஆசைப்பட்டார். பதின்ம வயதிலேயே அவர் மட்டும் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார். கம்பெனி அக்குழுவைப் பெரிய விளம்பரமின்றி ஃப்யூவல்ட் பை ராமன் என்னும் சிறு நிறுவனத்தின் பெயரில் வெளிக்கொணர்ந்து, ஊர் ஊராகக் கச்சேரி செய்யவைத்துப் பொறுமையாக வளர்த்தது. 2007-இல் வெளிவந்த 'ரயட்' ஆல்பம் அவர்களைப் புகழேணியில் ஏற்றியது.

இதில் கம்பெனியின் வாதத்தை அலட்சியம் செய்வதற்கில்லை. கச்சேரியிலும் பங்கு உண்டு என்றால்தான், முதல் தட்டு விற்காவிடினும் குழுவைக் கைவிடாமல் காத்திருக்க முடியும் என்கிறார்கள். பரமோர் விஷயத்தில் காத்திருக்கவும் செய்தார்கள். ஆனால் கையெழுத்திட்டவர் ஒருவர், உழைப்பவர் பலர் என்பதால் குழுவுக்குள் மனக்கசப்பு முளைத்தது. 2010-இல் இரு சகோதரர்கள் இதையும் ஒரு குறையாகச் சொல்லி விலகினர். அந்த ஒப்பந்தம் முடிவுக்கு வந்தது 2023-இல்! சிறுமியாகப் போட்ட கையெழுத்திலிருந்து விடுபடும்போது ஹெய்லிக்கு வயது முப்பதைத் தாண்டியிருந்தது. ஆகவே முன்பணத்தின் தொகையைப் பார்த்து மயங்குவதற்கு முன், எத்தனை ஆண்டு, எத்தனை ஆல்பம், எந்தெந்த வருமானத்தில் பங்கு, மூல ஒலிப்பதிவு யாருக்குச் சொந்தம், யார் யார் கையெழுத்து என்பவற்றை வக்கீல் ஒருவரைக்கொண்டு பார்த்துவிட வேண்டும்.

கம்பெனியே வேண்டாம் என்று துணிந்தவர்களும் உண்டு. ரேடியோஹெட் குழுவினர் ஈ.எம்.ஐ. ஒப்பந்தம் முடிந்தபின் 2007 அக்டோபரில் 'இன் ரெயின்போஸ்' ஆல்பத்தை இணையத்தில் வைத்து, விலையைக் கேட்பவரே நிர்ணயிக்கலாம் என்றனர். சில மாதங்களில் அதுவே குறுந்தட்டாக வந்து இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் முதலிடம் பெற்றது. இதைக் காட்டிக் கம்பெனிகளின் காலம் முடிந்தது என்று பலர் எழுதினர். நாம் அவ்வளவு தூரம் போகமாட்டோம். அக்குழுவை உலகறியச் செய்ய அதே ஈ.எம்.ஐ. பத்தாண்டுக்கு மேல் செலவழித்திருக்கிறது. பெயரில்லாத பிள்ளைகள் அவ்வாறு உண்டியல் வைத்தால் உண்டியலில் என்ன விழும்?

இலவசத்துக்கும் ஓர் எல்லை உண்டு என்பதை யூ2 குழு 2014 செப்டம்பரில் கண்டுகொண்டது. ஆப்பிள் கம்பெனி அவர்களுடைய புதிய ஆல்பத்தை 50 கோடி வாடிக்கையாளர்களின் கணக்கில் கேளாமலே சேர்த்துவிட்டது. ஜனங்கள் நன்றி கூறவில்லை. எங்கள் வீட்டுக்குள் எங்களைக் கேளாமல் எப்படி வைத்தாய் என்று சண்டைக்கு வந்தனர். அதை நீக்குவதற்கென்றே ஆப்பிள் தனியாக ஒரு கருவி செய்து தரவேண்டியதாயிற்று.

இப்பொழுது விளம்பரம் நிமிஷக் கணக்கிலும் இல்லை, விநாடிக் கணக்கில் நடக்கிறது. பாட்டின் ஒரு துணுக்கு டிக்டாக் போன்ற தளங்களில் பரவினால் போதும். 2022-இல் ஒரு தொடர்நாடகத்தில் ஒலித்த மெட்டாலிக்காவின் 1986-ஆம் ஆண்டுப் பாட்டு ஒன்று முப்பத்தாறு ஆண்டுகளுக்குப் பிறகு அமெரிக்கப் பாட்டுப் பட்டியலில் ஏறியது. கம்பெனிகளுக்குப் பழைய பாட்டின்மேல் மோகம் வளர்ந்திருப்பதில் வியப்பில்லை. புதிய குழுவை வளர்ப்பதைவிட அது செலவு குறைந்தது. இளங்குழுக்களுக்கு இது நல்ல சகுனமன்று.

வேடிக்கை ஒன்று பாக்கியிருக்கிறது. 2020-இல் அமெரிக்காவில் பெரிய கறுப்புத் தட்டுக்களின் விற்பனை வருமானம் குறுந்தட்டுக்களின் வருமானத்தை மிஞ்சியது. 1986-க்குப் பிறகு அப்படி நடந்தது அதுவே முதல் தடவை. 2022-இல் எண்ணிக்கையிலும் மிஞ்சிவிட்டது. பரணில் பாட்டனார் தட்டுக்கள் கிடந்தால் பேரப்பிள்ளைகளைக் கேளாமல் பழைய பேப்பர்க்காரனிடம் போட்டுவிட வேண்டாம்.